பிடித்திருந்தவள் பெயர் உலமிலா

“என்னுதைக் கொன்னது நீங்கதானா?”

அசெனாதா நிமிர்ந்து பார்த்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். தலைமுடியிலிருந்து, சட்டையிலிருந்து, இடுப்பில் கட்டிய சூலுவின் நுனியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் மழையில் நனையாதவர் கிடையாது. ஆனால் இவன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நனைந்து வந்திருந்தான்... அவ்வளவு கோபம்.

“எதை?” என்றாள்.

“பதினாறு நாளா ஓடிக்கிட்டிருந்த கணக்கு. இன்னிக்குக் காலையில பார்த்தா செத்துக் கிடக்கு. யாரு வேலைன்னு கேட்டா, கீழ் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்கதான்னாங்க.”

அம்மாவாம். இருபத்தேழு வயதுக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வாலு பே என்ற பகுதியில் துறைமுகத்தை ஒட்டி இருந்தது அந்த அலுவலகம். தீவு தீவாகப் போய் அலையையும் ஏற்றவற்றத்தையும் அளந்து வந்து கணக்குப் போடுவதுதான் அங்கே எல்லாருக்கும் வேலை. அந்தக் கணக்கெல்லாம் ஓடுகிற பெரிய கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது அசெனாதாவின் வேலை. அன்று காலை ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்ற விடமாட்டேன், யாரோ உபயோகிக்கிறார்கள் என்றது மெஷின். யார் என்று மட்டும் சொல்லாது. அதற்கு எல்சாஃப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் இன்ன கோப்பை இன்னாருடைய இன்ன வேலை பிடித்திருக்கிறது, இன்ன மெஷினோடு இன்னார் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஊர்வம்பு மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டிவிடும்.

“எல்சாஃப் போட்டுப் பார்த்தேன்” என்றாள். “ஒரே ஒரு பேர்தான் பிடிச்சிட்டிருந்துச்சு. இசிகேலி. போன் பண்ணேன், யாரும் எடுக்கல. அதான் கொன்னேன்.”

“எவ்வளவு அமைதியா சொல்றீங்க.”

“ரெண்டு வாரம் முன்னாடியே நோட்டீஸ் போட்டேன். சுவத்துல ஒட்டியிருக்கு.”

“அந்த ரெண்டு வாரமும் நான் ரம்பி தீவுல இடுப்பளவு தண்ணியில நின்னு அளவுகோல் நட்டுக்கிட்டிருந்தேன். சுவரு அங்க வரல.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கடித்தும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபமாகத்தான் பார்த்தான்... ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபப்படத் தெரியவில்லை. ஓரங்களில் ஏற்கெனவே சுருக்கம் விழுந்து, சிரிக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தன.

“உங்களுக்கு எந்த ஊரு?” என்றான்.

“லக்கெம்பா.”

“லாவ் தீவுப் பக்கமா?” அவன் முகம் மாறியது. “போச்சு. நான் தவேயுனி.”

லாவ் தீவுக்காரர்களும் தவேயுனிப் பக்கத்துக்காரர்களும் ஒருவருக்கொருவர் தம்பானி. நம்மூரில் மச்சான் முறைக்காரர்கள் மாதிரி, எதை வேண்டுமானாலும் சொல்லிச் சீண்டலாம், ஏசலாம். எதிராளி முகம் சுளிக்கக் கூடாது. முகம் சுளித்தால் அதுதான் மரியாதைக் குறைவு. கூடவே இன்னொன்றும் உண்டு. தம்பானி சொல்வதை யாரும் நிஜம் என்று எடுத்துக்கொள்வதும் இல்லை.

“தம்பானிகிட்ட எங்க கோபப்படறது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தரை குளமானது. “லாவ்காரங்க தேங்காயைத் தவிர எதையும் உடைக்க மாட்டாங்கன்னு நம்பிட்டிருந்தேன்.”

“தவேயுனிக்காரங்க மழை பெஞ்சாத்தான் குளிப்பாங்கன்னு சொல்வாங்க. நான் நம்பல. இப்பத்தான் கண்ணால பாக்கறேன்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இசிகேலி என்ற பெயரைச் சுருக்கி அலுவலகத்தில் எல்லாரும் கேலி என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. மார்ச் மாதத்து அந்த மழை நாளிலிருந்து ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது.

அதன் பிறகு கரையில் இருக்கிற நாளெல்லாம் மத்தியானம் அவன் கீழ் அறைக்கு இறங்கி வந்துவிடுவான். கையில் இரண்டு ரொட்டிப் பொட்டலம் இருக்கும், உள்ளே உருளைக்கிழங்குக் கறி. ஒன்றை அவள் மேஜையில் வைப்பான்.

“ஏ லாவ்... கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“பண்ணிக்கலாமே. உங்க ஊர்ல காயவச்ச துணி காயுமா, அதைச் சொல்லு முதல்ல.”

“காயாது. ஆனா நீ பக்கத்துல இருந்தா ஈரத் துணியே போதும் எனக்கு.”

அவள் சிரிப்பாள். தம்பானி பேச்சு... சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு தடவை ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, “உன் கண்ணைப் பாத்தா கடல் அளக்கறவனுக்கே ஆழம் தெரியல” என்றான். அதற்கும் சிரித்தாள். அவன் மாடி ஏறிப் போன பிறகு அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகச் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். தம்பானி சொன்னதை நம்பியவள் என்று ஊருக்குத் தெரிந்தால் லக்கெம்பாவில் ஏழு தலைமுறைக்குச் சிரிப்பார்கள்.

ஜூனில் இரண்டு புது வரவுகள். ஒன்று புது கம்ப்யூட்டர். இன்னொன்று உலமிலா.

உலமிலா வரைபடப் பிரிவுக்கு வந்தவள். மேல்மாடியில் பெரிய தாள்களில் கடலோரங்களை அச்சடித்துத் தருகிறவள். உயரமானவள், நடந்து போனால் மொகொசோய்ப் பூ எண்ணெயின் வாசனை படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும். சிரிப்பு சத்தமாக இருக்கும். எல்லாரையும் பார்த்து அப்படித்தான் சிரித்தாள். ஆனால் அசெனாதாவுக்கு அதில் ஒரு சிரிப்பு மட்டும்தான் காதில் விழுந்தது... இசிகேலியோடு சிரித்த சிரிப்பு.

அதுவாவது போகட்டும். வந்த இரண்டாவது வாரம், டிஸ்க் நிரம்புகிறதே என்று அசெனாதா வழக்கம்போல அந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தாள். இசிகேலியின் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஊரில் பள்ளிக்கூடத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது, அதை எங்கே நகர்த்தினால் இன்னும் ஐம்பது வருஷம் அலை தொடாது என்று பார்க்கிற கணக்கு. அந்த முடிவுக் கோப்பை இசிகேலி பிடித்திருந்தான். நியாயம். அடுத்த வரியிலேயே இன்னொருவரும் பிடித்திருந்தார்.

உலமிலா.

அவள் வரைபடம் போடுகிறவள், பார்க்க வேண்டியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மத்தியானம் பார்த்தாள், உலமிலா பிடித்திருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, இன்னும் யாருமே வராத நேரத்தில் பார்த்தாள். அப்போதும் உலமிலா. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக அலுவலகத்துக்கு வந்து பார்த்தாள். உலமிலா. எப்போது பார்த்தாலும் அந்தக் கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன வேலையால் பிடித்திருக்கிறாள் என்று பார்த்தால் ஏதோ ஒரு சின்ன ஸ்கிரிப்ட், தானாக ஓடுகிற குட்டி நிரல். வரைபடப் பெண்ணுக்கு ஸ்கிரிப்ட் எழுத யார் சொல்லிக்கொடுத்தது? அவனாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, தோள் மேல் குனிந்து...

அன்று பிடித்த எரிச்சல் இறங்கவே இல்லை. கோப்பைப் பிடித்திருக்கிறாள் என்பதற்கும் அவனைப் பிடித்திருக்கிறது என்பதற்கும் நடுவில் அவள் மனத்துக்கு வித்தியாசமே தெரியாமல் போயிற்று.

எந்த மெஷின் எதோடு பேசுகிறது என்பதையும் பார்க்க ஆரம்பித்தாள். தினமும் நாலு மணிக்கு இசிகேலியின் மேஜையிலிருந்து மேல்மாடி அறைக்கு ஒரு தொடர்பு திறந்தது. அவன் படம் அச்சடிக்க அனுப்பியிருப்பான். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும், இத்தனை படம் ஒருவனுக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டாள். தன் வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை போட வேண்டிய கட்டளையை முப்பது தடவை போட்டாள்.

“என்ன லாவ், ரொட்டி அப்படியே இருக்கு?”

“பசிக்கல.”

“உடம்பு சரியில்லையா? தேங்காய் கீங்காய் தலையில விழுந்துச்சா?”

“மேல போய்க் குடு. அங்க பசிக்கும்.”

அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அவள் அதை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அரை மணி கழித்துக் கொடுத்திருக்க வேண்டாமே என்று வருத்தப்பட்டாள்.

ஜூலை முதல் வாரம் அந்தக் கணக்கு இருபத்தாறு நாள் ஓடி முடிந்தது. மறுநாளே இசிகேலி மூன்று வாரப் பயணமாக வடக்குத் தீவுகளுக்குக் கப்பலேறினான். அவன் போய்விட்டான், அவனுடைய பிடி பட்டியலிலிருந்து போய்விட்டது. உலமிலாவுடைய பிடி மட்டும் போகவில்லை. ஆள் கடலில் இருக்கும்போதும் அவன் கோப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாளே... என்ன பெண் இவள். அசெனாதாவுக்கு உலமிலா மேல் கோபமாக வந்தது. இவ்வளவு உறுதியாகத் தன்னால் ஒருவனைப் பிடித்துக்கொள்ள முடியவில்லையே என்று தன் மேலும் வந்தது. உலமிலா ஏதோ கம்ப்யூட்டர் திரை கெட்டுவிட்டது என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். அதை மற்ற எல்லாச் சீட்டுக்கும் அடியில் செருகினாள்.

கடைசி வாரத்துத் திங்கட்கிழமை படிக்கட்டில் உலமிலா எதிர்ப்பட்டாள்.

“அசெனாதா... கேலி எப்ப வரான், உனக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மொகொசோய் வாசனை அங்கேயே நின்றது.

அசெனாதா நேராக வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பொதுவாக எல்லாரும் கணக்குப் போட்டு வைக்கிற இடத்தில், இருபத்தொரு நாள் யாரும் மாற்றி எழுதாத கோப்புகளைப் புதன்கிழமை மத்தியானம் மெஷின் தானாகவே கூட்டிப் பெருக்கிவிடும். அந்த இடத்துக்கு நகலும் எடுப்பதில்லை. வெளியூர் போகிறவர்களுடையதைத் தொடாதே என்று ஒரு பட்டியல் இருந்தது. இசிகேலியின் பெயரை அதில் எழுதியவள் அவள்தான். இப்போது அந்த வரியில் விரலை வைத்தாள். அவ்வளவு அக்கறையாகப் பிடித்திருக்கிறவள் காப்பாற்றிக்கொள்ளட்டுமே. அவள் தலையில்தானே எழுதியிருக்கிறது... நான் ஏன் காவல் இருக்க வேண்டும்?

பெயரை அழித்தாள். உடனே பெரிய நிம்மதி ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இசிகேலி கீழ் அறைக்கு வந்தான். கறுத்து, இளைத்து, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து நின்றான். கையில் பொட்டலம் இல்லை. நாற்காலியை இழுக்கவில்லை.

“வணக்கம், மராமா” என்றான்.

மராமா என்றால் அம்மணி. பெரிய வீட்டுப் பெண்களை, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுகிற வார்த்தை. தம்பானி தம்பானியிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் கன்னத்தில் அறைந்த மாதிரி.

“இன்னிக்கு ஆறு மணிக்கு தவேயுனிக்குப் படகு. திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடம் எங்க போகணும்னு முடிவு பண்றாங்க. அதுக்கான என் கோப்பைக் காணோம். உங்களுக்கு ஏதாவது தெரியுங்களா?”

“புதன்கிழமை... பெருக்கினதுல போயிருக்கும்.”

“தொடாதேன்னு பட்டியல்ல என் பேர் இருந்துச்சுங்களே.”

அவள் வாயைத் திறந்தாள். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. அவனைப் பார்த்ததும் அது வரவில்லை.

“இப்ப இல்ல” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். சிரிக்கச் சாக்குத் தேடுகிற அந்தக் கண்கள் இன்று எதையும் தேடவில்லை. “சரிங்க, மராமா. நன்றிங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே மழை வலுத்தது. அசெனாதா அழுதுகொண்டே, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பழகிய விரலால் அந்தக் கட்டளையையே இன்னொரு தடவை போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

கோப்பு இருந்தது.

பெயருக்கு எதிரே ‘அழிக்கப்பட்டது’ என்று இருந்தது. ஆனால் இருந்தது. இந்த மெஷின்களில் ஒரு கோப்பை அழித்தால் முதலில் போவது அதன் பெயர் மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு வேலை அதைப் பிடித்திருக்கும்வரை உள்ளே இருக்கிற உயிர் போகாது. கடைசிப் பிடி விட்டால்தான் போகும். இந்தக் கோப்புக்கு இருந்தது ஒரே ஒரு பிடி.

உலமிலா.

அவள் இப்போது கம்ப்யூட்டரை அணைத்தாலோ, அந்த வேலையை நிறுத்தினாலோ எல்லாம் முடிந்தது. அசெனாதா மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டினாள். பாதி வழியில் கால் நின்றது. ஆறு வாரமாக யாருடைய முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ, அவளிடம் போய்க் கெஞ்ச வேண்டும். அவன் பிழைக்க வேண்டுமென்றால் இவள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘தயவு செய்து அவனை விட்டுடாதே’ என்று அவளிடமே சொல்ல வேண்டும். ஏறினாள்.

“உலமிலா... ஒண்ணு கேக்கறேன். இசிகேலி கோப்பு ஒண்ணு நீ திறந்து வச்சிருக்கே. அதை மூடிடாதே. கம்ப்யூட்டரை அணைச்சிடாதே. நான் சொல்ற வரைக்கும்.”

உலமிலா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். “எந்தக் கம்ப்யூட்டரை?”

“உன்னுதை.”

“அது ரெண்டு வாரமா செத்துக் கிடக்கு. திரை கெட்டுப்போச்சுன்னு உனக்குத்தான் சீட்டு எழுதினேன். நீ எட்டியே பார்க்கல.”

அசெனாதா திரும்பிப் பார்த்தாள். மூலையில் கம்ப்யூட்டர் மேல் துணி மூடியிருந்தது. துணியின் மேல் தூசி.

“ஆனா உன் பேர்ல ஒரு ஸ்கிரிப்ட் ஓடுதே...”

“எனக்குப் படம் வரையத் தெரியும், அச்சடிக்கத் தெரியும். ஸ்கிரிப்ட்னா என்னன்னுகூடத் தெரியாது.” உலமிலா அவள் முகத்தையே பார்த்தாள். அழுத கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. “ஓ... இதுதானா விஷயம். அதனாலதான் என் சீட்டு அடியில போச்சா?”

அசெனாதா துணியின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

“போன மாசம் நடனத்துக்கு வரியான்னு நான்தான் அவனைக் கேட்டேன். வரலைன்னுட்டான். ஏன்னும் சொன்னான்.”

“ஏனாம்?”

“அதையும் நானே வந்து சொல்லணுமா? எனக்கும் வலிக்காதா?” என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

கீழே வந்தாள். கட்டளையில் பெயருக்குப் பதிலாக எண்ணைக் காட்டு என்று கேட்டாள். மெஷினுக்கு ஆட்களின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். நாம் படிப்பதற்காகப் பட்டியலைப் பார்த்துப் பெயராக மாற்றிக் காட்டும், அவ்வளவுதான்.

ஐந்நூற்றுப் பதினேழு.

ஐந்நூற்றுப் பதினேழு... அது அவளுடைய எண். ஆறு வருஷமாக அவளுடைய எண்.

பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். ஜூனில் புது மெஷின் வந்தபோது முப்பத்தொரு பேரையும் அவள்தான் கையால் எழுதினாள். மற்ற எல்லாருக்கும் புதிதாக வரிசை எண் கொடுத்தாள். அதில் ஐந்நூற்றுப் பதினேழு உலமிலாவுக்குப் போனது. தன்னைக் கடைசி வரியில் எழுதினாள். பரிமாறுகிறவள் கடைசியாகச் சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அப்படித்தான் எழுத வரும். எழுதும்போது பழைய பழக்கத்தில் தன் பழைய எண்ணையே போட்டாள். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர். மெஷின் மேலிருந்து படித்துக்கொண்டு வரும், முதலில் கண்ட பெயரோடு நின்றுவிடும். நிர்வாகி லாகினிலேயே எப்போதும் உட்கார்ந்திருப்பதால், தன் சொந்தப் பெயரில் தான் எதையும் செய்வதே இல்லை என்பதால், அவளுக்கு இது தெரியவே இல்லை.

அப்படியானால் அவள் பெயரில் ஓடுவது எது?

திறந்து பார்த்தாள். பத்தே வரி. தேதி மார்ச் மாதத்து அந்த மழை நாள். அவன் ஈரத்தோடு எழுந்து போன பிறகு, மனசு கேட்காமல் எழுதி ஓட விட்டது. இசிகேலி எந்த முடிவுக் கோப்பை எழுதினாலும் போய் அதைப் பிடித்துக்கொள். நீ பிடித்திருந்தால் டிஸ்க்கை யாராலும் கழற்ற முடியாது. இவ்வளவுதான் அதன் வேலை. எழுதினாள், அதோடு மறந்தும் போனாள். புது மெஷினுக்கு மற்றவற்றோடு அதுவும் மாறி வந்து, சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருந்தது. முதல் வரியில் குறிப்பு ஒன்று இருந்தது, அவள் கையால் எழுதியது: ‘இவனுடையதை இனி யாரும் கொல்லக் கூடாது. நான்கூட.’

காலை ஏழு மணிக்கும், கோயில் முடிந்த ஞாயிற்றுக்கிழமையும், அவன் கடலில் இருந்தபோதும், அவள் அழித்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள்... அவளேதான். ஆறு வாரமாக அசெனாதா அசெனாதாவைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரிக்க நேரமில்லை. பிடித்திருக்கிற வேலையின் வழியாகவே உள்ளே போய் அந்த உயிரைச் சொட்டுச் சொட்டாக நகலெடுத்தாள். ஒவ்வொரு எழுத்தும் சரியா என்று இரண்டு தடவை ஒப்பிட்டாள். ஆறு ஃப்ளாப்பி ஆயிற்று. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

படகுத்துறையில் படகு முனகிக்கொண்டிருந்தது. பாயும் கூடையும் மண்ணெண்ணெய் டின்னுமாக ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இசிகேலி ஒரு ஓரமாகக் கூரைக்கடியில் நின்றிருந்தான். இந்தத் தடவை நனைந்து போய் நின்றவள் அவள்.

“இதுல இருக்கு. முழுசா இருக்கு. ஒரு எண்கூடப் போகல.”

அவன் பையை வாங்கினான். பிரித்துப் பார்த்தான். “நன்றிங்க, மராமா.”

“மராமான்னு கூப்பிடாதே.”

அவன் பையை மறுபடி சுற்றினான்.

“முறைப்படி யங்கோனா வேர்க்கட்டு கொண்டாந்து, தரையில உட்கார்ந்து மன்னிப்புக் கேக்கணும். நேரமில்ல. அதனால நின்னுட்டே கேக்கறேன். உன் பேரை எடுத்தது நான்தான். தெரிஞ்சே எடுத்தேன்.”

“ஏன்?”

“உலமிலா உன் கோப்பைப் பிடிச்சிட்டிருந்தா. ராப்பகலா பிடிச்சிட்டிருந்தா. என்னால தாங்க முடியல... அப்புறம் இன்னிக்குத்தான் பார்த்தேன், அது அவ இல்ல. எண்ணை மாத்திப் போட்டிருக்கேன். பிடிச்சிட்டிருந்தது நான். முதல் நாள் உன் வேலையைக் கொன்னேனே, அன்னிக்கே ஒரு காவல் போட்டேன். அது உன்னை விடவே இல்ல.”

அவன் மெதுவாகக் கேட்டான். “அப்ப இத்தனை நாளா உன்மேலயே நீ பொறாமைப்பட்டியா?”

“சிரிக்காதே.”

“சிரிக்கல.” நிஜமாகவே சிரிக்கவில்லை. “அந்தப் பள்ளிக்கூடத்துல என் அக்கா பிள்ளைங்க ரெண்டு பேர் படிக்கிறாங்க. போன மாசம் அலை வகுப்புக்குள்ளயே வந்துருக்கு. அதை வச்சா விளையாடினே?”

“ஆமா.”

“எனக்குக் கோபம் இன்னும் போகல.”

“போக வேண்டாம். வச்சுக்கோ. திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு... மரியாதை மட்டும் குடுக்காதே.” மழைத் தண்ணீரும் கண்ணீரும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. “எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. மார்ச்லேருந்து பிடிச்சிருக்கு. நான் இப்ப தம்பானியா பேசல.”

படகு ஊதியது. யாரோ ஒரு கிழவர் இசிகேலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

“உலமிலா நடனத்துக்குக் கூப்பிட்டப்ப நான் என்ன சொன்னேன்னு சொன்னாளா?”

“சொல்லல. வலிக்கும்னா.”

“ஒரு லாவ் பொண்ணு இருக்கா. மூணு மாசமா ஒரே ஒரு உண்மையை அவகிட்டத் தினமும் சொல்றேன். அவ தினமும் சிரிக்கிறா. ஒருநாள் சிரிக்காம கேப்பா. அதுவரைக்கும் நான் யாரோடயும் ஆட வரலைன்னேன்.”

ரொட்டிப் பொட்டலங்கள், ஈரத் துணி, ஆழம் தெரியாத கடல்... தான் சிரித்துத் தள்ளிய ஒவ்வொன்றும் வரிசையாக வந்து அசெனாதாவின் முன்னால் நின்றது. தம்பானி என்று ஒரு வார்த்தை இருந்ததால் எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறான். அதே வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு கோழையாக அவள் சிரித்திருக்கிறாள்.

“படகு போயிடும்” என்றாள்.

“போகட்டும். இன்னும் பலகையை எடுக்கல.” ஒரு அடி கிட்டே வந்தான். மழைக்கு வெளியே நின்றவன் மழைக்குள் வந்தான். கண்ணில் ஈரம், உரிந்த மூக்கு நுனியில் ஒரு துளி. இத்தனை நாளும் ஏ லாவ் என்றே கூப்பிட்டவன் முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான்.

“அசெனாதா... கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவள் சிரிக்கவில்லை.

“பண்ணிக்கலாம்” என்றாள்.